தேவாங்குப் படிப்பு

வாருங்கள், வாருங்கள். செருப்பை உள்ளேயே கழற்றி வையுங்கள். வெளியில் விட்டால் மேல் வீட்டு நாய் ஒற்றைச் செருப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போகும். அந்த நாற்காலி வேண்டாம், இதில் உட்காருங்கள். ராதாமணிதானே? ஃபோனில் குரலைக் கேட்டு இன்னும் சின்னவராக இருப்பீர்கள் என்று நினைத்தேன்.

நம் கான்வென்ட்டில் எனக்கு மூன்று செட் பின்னால் என்றீர்கள். முகம் ஞாபகமில்லை, தப்பாக நினைக்காதீர்கள். அலாய்சியா சிஸ்டரிடம் கணக்குப் படித்தீர்களா? இல்லையா? அதுதான். படித்திருந்தால் இந்த விஷயத்தைக் கேட்க ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்க மாட்டீர்கள். தனிவட்டி, கூட்டுவட்டி எல்லாவற்றையும் ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் தட்டித் தட்டி ஏற்றிய மகராசி. கூட்டுவட்டியில் வகுப்பிலேயே நான்தான் முதல். இன்றைக்கும் காய்கறிக்காரர் கூட்டி முடிப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன்.

சரி, வந்த விஷயத்துக்கு வருவோம். உங்கள் பெண் காடு, விலங்கு, பாதுகாப்பு என்று அந்தப் படிப்பில் சேரத் துடிக்கிறாள். என் மகள் சிந்துஜா அதே படிப்பை, அதே பெங்களூர்க் காலேஜில் படித்தவள். லோன் போட்டுப் படித்தால் பிற்பாடு சம்பாதித்து அடைக்க முடியுமா என்று கேட்க வந்திருக்கிறீர்கள். ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். முடியாது. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

கிளம்பச் சொன்னதும் எழுந்துவிடுகிறீர்களே. உட்காருங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்காமல் போனால் எப்படி? நானும் இதை யாரிடம் சொல்வது? இவரிடம் சொன்னால் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். அதோ, அந்தப் பேப்பருக்குப் பின்னால் இருக்கிறாரே, அவர்தான் என் கணவர். ரிடையர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்னாலும் இப்படித்தான்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஹரிபிரசாத் இன்ஜினியர். மார்க் கொஞ்சம் இடித்தது, மேனேஜ்மென்ட் கோட்டாவில் வாங்கினோம். லால்குடிப் பக்கம் இவர் பங்குக்கு வந்த நிலத்தை விற்றுக் கட்டினோம். பிள்ளை படிப்பு என்றால் செய்யத்தானே வேண்டும்? இப்போது சென்னையில் இருக்கிறான். ஐ.டி. என்றால் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். வீட்டு வாடகையை மட்டும் நாங்கள் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கதை வேறு, அதை விடுங்கள்.

இளையவள்தான் சிந்துஜா. சின்ன வயதில் எதைச் சொன்னாலும் கண்ணை அகல விரித்துப் பார்ப்பாள். "தேவாங்கு மாதிரி முழிக்காதே"ன்னு நான் திட்டியிருக்கிறேன். எந்தத் தாய்தான் திட்டவில்லை? அதற்காக அந்தத் தேவாங்கையே போய்ப் படிப்பாளா ஒருத்தி? படித்தாள். பி.எஸ்சி. முடித்துவிட்டு வந்து நின்றாள். "அம்மா, வனவிலங்குப் பாதுகாப்பு. ரெண்டு வருஷம். ஒன்பது லட்சம்."

நான் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "வெளியே வந்தா என்ன சம்பளம்?"

"ஆரம்பத்துல இருபது, இருபத்தஞ்சாயிரம்மா."

"உங்க அப்பா ஃபேக்டரியில கேட்டைத் திறந்து மூடுறவருக்கு அதைவிட ஜாஸ்தி."

"கேட்டைத் திறந்து மூடுறதை நான் ஒண்ணும் கேவலமா நினைக்கலையே."

பாருங்கள் வாயை. அந்த வாய் என்னிடமிருந்து வந்தது என்று இவர் சொல்வார். பேப்பருக்குள்ளிருந்தபடியே சொல்வார்.

லால்குடியில் இன்னும் நிலம் இருந்திருந்தால் வேறு. இல்லை. சரி, லோன். ஒன்பது லட்சம் என்றால் பேங்கில் சும்மா தர மாட்டார்கள், ஈடு வேண்டும் என்றார்கள். இந்த வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைத்தேன். அங்கே மேனேஜராக ஒரு சின்னப் பையன், மீசைகூட இன்னும் தீர்மானமாக முளைக்கவில்லை. அன்று காலையில்தான் நான் அவர்கள் லாக்கரைத் திறந்து நகைகளைப் பார்த்துவிட்டு மேலே வந்திருந்தேன். வருடத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். அறுபது பவுன். சிந்துஜா பிறந்ததிலிருந்து சீட்டு, சிறுவாடு, தீபாவளி போனஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தது. திறந்து, துணியைப் பிரித்து, எண்ணிப் பார்த்து, மறுபடி கட்டி வைத்துவிட்டு வந்தால் மூன்று மாதத்துக்கு நல்ல தூக்கம் வரும்.

அந்தப் பையன் சொல்கிறான்: "மேடம், லாக்கர்லதான் நகை இருக்கே. அதுல கொஞ்சத்தை எடுத்தா லோன் பாதியாயிடும். பத்திரமும் தேவைப்படாது. நீங்க எங்களுக்குப் பதினொரு பர்சென்ட் வட்டி கட்டுவீங்க, லாக்கருக்கு வாடகையும் கட்டுவீங்க."

"தம்பி, உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"இன்னும் கல்யாணமே ஆகல மேடம்."

"ஆகட்டும். அப்புறம் பேசுங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். நேற்று வந்த பையன் எனக்கு வட்டி சொல்லித் தருகிறான், என்னிடம்.

படித்து முடித்தாள். படிக்கும்போதே வட்டி ஏறியது, பத்தரை லட்சமாக நின்றது. மாதம் பதினைந்தாயிரத்து ஐந்நூறு தவணை. வேலையும் கிடைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு அமைப்பில் தேவாங்கு ஆராய்ச்சி. சம்பளம் இருபத்து நான்காயிரம். கழித்துப் பாருங்கள். மிச்சத்தில் வாடகை, சாப்பாடு, பெட்ரோல். ஒரு சுடிதாரை மூன்று வருடம் போட்டாள். முழங்காலில் முள் கிழித்த இடத்தைத் தைத்துத் தைத்து, கடைசியில் அது சுடிதாரா ஒட்டுத்துணியா என்று தெரியவில்லை.

ஆனால் ஃபோன் செய்வாள். தினமும் செய்வாள். அதுதான் கொடுமை. நான் குக்கர் வைத்திருப்பேன், அவள் தேவாங்கு ஈன்ற கதை சொல்லிக்கொண்டிருப்பாள். "அம்மா, ரெட்டைக் குட்டிம்மா, வயித்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் தொங்குது." "அம்மா, அது நடக்குற சத்தமே கேக்காதும்மா." "அம்மா, இந்த ஊர்ல எல்லாம் அதைப் பார்த்தா கெட்ட சகுனம்னு அடிச்சிடுவாங்க, இப்ப அவங்களே எனக்கு ஃபோன் பண்ணிக் காட்டுறாங்க." நான் கேட்டேன், "சகுனம் நல்லாயிருந்தா சம்பளம் ஏத்துவாங்களா?" சிரிப்பாள். நான் ஒன்றும் தமாஷுக்குச் சொல்லவில்லை. குட்டியை ஃபோட்டோ எடுத்து அனுப்புவாள். முகம் முழுக்கக் கண். என்னத்தைப் பார்ப்பது?

காபி ஆறுகிறது, குடியுங்கள். சர்க்கரை குறைவுதான், இவருக்காகப் பழகிவிட்டது.

இதற்குப் பிறகுதான் அந்த வரன். கரூர்க்காரர்கள், பெட்ஷீட் ஏற்றுமதி. பையன் ஒரே பிள்ளை. ஜாதகம் அப்படியே ஒட்டிக்கொண்டது. பையனின் அம்மா, மரகதவல்லி என்று பெயர், பெயருக்கேற்ற மாதிரி உடம்பு முழுக்கக் கல் வைத்த நகை. எதிரே நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் உட்கார்ந்தார். அறுபது பவுன் என்றதும் தலையை ஆட்டினார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "பொண்ணு பேர்ல படிப்புக் கடன் இருக்குன்னு கேள்விப்பட்டோம்?"

யார் போய்ச் சொன்னார்களோ. நான் மறைக்கவில்லை. "இருக்கு. எட்டு லட்சத்துச் சொச்சம். அவ சம்பளத்துல அவளே கட்டிக்கிட்டு வர்றா."

"கல்யாணத்துக்கப்புறமும் அவ சம்பளம் அதுக்கே போயிடுமே. அப்ப எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு சம்பளமில்லாத பொண்ணுதானே?" மனுஷி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "நாங்க ஒண்ணும் கேக்கல. பத்து பவுன் கூடப் போட்டுட்டா எங்க சொந்தக்காரங்க வாயை அடைச்சிடலாம்."

பத்து பவுன் என்றால் அன்றைய விலைக்கு எட்டு லட்சத்தைத் தொடும். எனக்கு ஒரு நிமிடம் கூடத் தேவைப்படவில்லை. இவருடைய ரிடையர்மென்ட் பணம் டெபாசிட்டில் கிடக்கிறது. "செஞ்சிடலாம்"னு சொல்லிவிட்டேன். நல்ல இடம், பத்து பவுனுக்காக விடுவதா? இவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

அப்போது சிந்துஜா காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தட்டை வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியதுதானே? போகவில்லை.

"ஆன்ட்டி, ஒரு சந்தேகம். கடன் இருக்கிறதாலதான் பத்து பவுன் கூடக் கேக்குறீங்க?"

"ஆமாம்மா."

"அந்தப் பத்து பவுன் வாங்குற பணத்தை அம்மா பேங்க்ல கட்டிட்டா கடனே இருக்காது. கடன் இல்லைன்னா பத்து பவுனும் வேண்டாம். என் சம்பளமும் முழுசா வரும். சரியா?"

மரகதவல்லி என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன், இவர் தரையைப் பார்த்தார். அந்தப் பையன் இருக்கிறானே, மாப்பிள்ளைப் பையன், அவன் மட்டும் லேசாகச் சிரித்தான். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. மகன் சிரித்ததை அம்மா பார்த்துவிட்டார்.

"பொண்ணு கணக்கு நல்லாப் போடுது"ன்னு சொல்லிக்கொண்டே எழுந்தார். அவ்வளவுதான். மறுநாள் தரகர் ஃபோன்: "வேற எடம் பார்க்கலாம்மா. பொண்ணுக்கு வாய் ஜாஸ்திங்கிறாங்க."

நீங்களே சொல்லுங்கள். நான்கு பேர் முன்னால் பெற்றவளின் மானத்தை வாங்கலாமா? அவர்கள் போனதும் நான் கேட்டேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. "நான் சொன்ன கணக்குல தப்பு எங்கம்மா?" என்று மட்டும் கேட்டாள். தப்பு கணக்கில் இல்லை, வாயில் இருக்கிறது. இது புரிய ஒன்பது லட்சம் செலவழித்துப் படிக்க வேண்டுமா?

என்ன பார்க்கிறீர்கள்? நீங்களும் அந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்க்கிறீர்களா? எல்லாரும் போடுகிறார்கள். இவர்கூடப் போட்டார். நான் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடனை அடைத்தால் பேங்கில் ஒரு காகிதம் தருவார்கள், கடன் தீர்ந்தது என்று. அந்தக் காகிதத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மணவறையில் உட்கார முடியுமா? வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்? கடன் யார் கண்ணுக்குத் தெரிகிறது? நகை தெரியும். அலாய்சியா சிஸ்டர் கூட்டுவட்டி சொல்லித் தந்தார், இதைச் சொல்லித் தரவில்லை. அவருக்குக் கல்யாணமா காட்சியா.

அந்த வருடமே அவளுடைய அமைப்புக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். பாதிச் சம்பளத்துக்கு இருப்பவர்கள் இருக்கலாம் என்றார்களாம். அவள் வந்து நிற்கிறாள்: "கடன் மட்டும் இல்லைன்னா நான் பாதிச் சம்பளத்துல சமாளிச்சுக்குவேன்மா."

"கடன் இருக்கே. அதனால ஒழுங்கா ஒரு வேலைக்குப் போ."

வேலையும் நான்தான் பார்த்துக் கொடுத்தேன். இவருக்குத் தம்பி முறை ஒருவர், கல்குவாரிகளுக்கு அரசாங்க அனுமதி வாங்க அறிக்கை எழுதித் தரும் ஆபீஸ் நடத்துகிறார். ஒரு பாறைக் கரட்டை உடைப்பதற்கு முன்னால் அங்கே என்ன மரம் இருக்கிறது, என்ன விலங்கு இருக்கிறது என்று படித்தவர் ஒருவர் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இவள் படிப்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி வேலை. நாற்பத்தெட்டாயிரம் சம்பளம். இரண்டு மடங்கு. ஏசி ஆபீஸ், வெயிலில் அலைய வேண்டாம், சுடிதார் கிழியாது. எனக்கு அன்றைக்குத்தான் அந்தப் படிப்புக்கு ஒரு அர்த்தம் இருப்பதாகவே தோன்றியது.

போனாள். ஒரு மாதம் ஒழுங்காக இருந்தாள். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் ஃபோன். மணப்பாறைக்கு அந்தப்பக்கம் ஒரு கரடு, அதற்கு அறிக்கை எழுத அனுப்பியிருக்கிறார்கள்.

"அம்மா, இங்க இருக்கும்மா."

"எது இருக்கு?"

"தேவாங்கு. உடைமுள் புதர் முழுக்க. குட்டியோட இருக்கு. சித்தப்பா 'எதுவும் காணப்படவில்லை'ன்னு எழுதச் சொல்றார்."

"எழுது."

"இருக்கேம்மா. நான் பார்த்தேன்."

"நீ இல்லைன்னு எழுதினா அது செத்தா போயிடும்?"

"ஆமாம்மா. போயிடும்."

அப்புறம்தான் கேட்டாள். அதுவரைக்கும் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். சுடிதாருக்குக்கூடக் கேட்டதில்லை. "அந்தப் பத்து பவுனுக்குன்னு எடுத்து வெச்ச பணம் இருக்கேம்மா. அதைக் கடன்ல கட்டிடு. நான் பழைய இடத்துக்கே போயிடுறேன். மாசாமாசம் உனக்குத் திருப்பித் தர்றேன். வட்டியோட தர்றேன்."

"அது உன் கல்யாணத்துக்கு."

"எனக்கான பணம்தானேம்மா?"

"உன் கல்யாணத்துக்கான பணம். உனக்கான பணம்னு யார் சொன்னா?"

சரியாகத்தானே சொன்னேன்? இரண்டும் வேறு வேறு. அதைக் கலந்தால் குடும்பம் நடத்த முடியாது. அன்று சாயங்காலம் இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அப்படி உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. "கொடுத்துடலாமே சுகந்தி" என்றார். "நாளைக்கு அவ நகையில்லாம நின்னா நீங்க பேப்பரைக் கட்டி அனுப்புவீங்களா?" என்று கேட்டேன். மறுபடி விரித்துக்கொண்டார். அதற்கப்புறம் இதைப் பற்றிப் பேசியதில்லை.

கையெழுத்துப் போட்டாளா என்றா கேட்கிறீர்கள்? போட்டாள். போடாமல்? தவணை காத்திருக்குமா? வீட்டுப் பத்திரம் அங்கே கிடக்கிறதே. தம்பி எனக்கே ஃபோன் செய்து சொன்னார்: "அண்ணி, அறிக்கை பிரமாதம். ஒரு வரிகூட அடிச்சுத் திருத்த வேண்டி வரல."

அதற்கப்புறம் ஆளே மாறிவிட்டாள். நல்ல மாற்றம். எதிர்த்துப் பேசுவதில்லை. போன மாதம் ஒரு ஜாதகம் வந்தது. "பார்க்கட்டுமா?" என்றேன். "பாரும்மா" என்றாள். "அறுபதா எழுபதான்னு கேக்குறாங்க"ன்னேன். "உன் இஷ்டம்மா." இதைத்தான் இத்தனை வருடம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்தால் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். முழித்துக்கொண்டு. முன்னே மாதிரி திட்டுவதற்கும் வாய் வருவதில்லை எனக்கு. வளர்ந்த பெண்ணாயிற்றே.

ஃபோனா? தினமும் இல்லை. இப்போது வேலை ஜாஸ்தி. ஆனால் தவணை தேதி தவறியதில்லை. இருங்கள், கண்ணாடி எங்கே... பாருங்கள், இதோ, இன்று காலையில்கூட வந்திருக்கிறது. "கட்டிட்டேன்." மேலே தள்ளிப் பாருங்கள், போன மாதம், "கட்டிட்டேன்." அதற்கு முந்தின மாதம், "கட்டிட்டேன்." நான் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவேன். எத்தனை வீட்டுப் பிள்ளைகள் இப்படி இருக்கும்? இன்னும் மேலே போகாதீர்கள், அதெல்லாம் பழைய குரங்குப் படம். அழிக்க வேண்டும் என்று நினைப்பேன், ஃபோனைத் திறந்தால் வேறு வேலை வந்துவிடுகிறது.

கரடா? எந்தக் கரடு? ஓ, அதுவா. போன வாரம் கல்யாணத்துக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். பாதி இருக்கிறது.

ஆக, இதுதான் அந்தப் படிப்பின் லட்சணம். ஒன்பது லட்சத்தைக் கொட்டி, மூன்று வருடம் முள்ளில் அலைந்து, கடைசியில் நான் தலையிட்டுத்தான் பெண்ணைக் கரையேற்ற வேண்டியிருந்தது. உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள், ஆன்ட்டி வேண்டாம் என்றார்கள் என்று. கேட்க மாட்டாளா? என்ன, அவளும் எதிர்த்துப் பேசுவாளா? அப்படியென்றால் சேர்த்துத்தான் ஆக வேண்டும். என்ன செய்வது. பேங்கில் என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்று நான் வாட்ஸப்பில் அனுப்புகிறேன். வீட்டுப் பத்திரம் உங்கள் பேரிலா, அவர் பேரிலா? சரி, அதுவும் எழுதுகிறேன்.

அதற்குள் எழுந்துவிட்டீர்களா? காபி அப்படியே இருக்கிறதே. செருப்பு அதோ, கதவுக்குப் பின்னால்.

ஒரே ஒரு நிமிடம். பெண்ணுக்கென்று நகை சேர்த்து வைத்திருப்பீர்கள்தானே? எத்தனை பவுன்? சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டாம், கண் படும். லாக்கரில்தானே இருக்கிறது? என்ன ஆனாலும் அதை மட்டும் தொட்டுவிடாதீர்கள், ராதாமணி. அப்புறம் பெண்ணுக்கென்று ஒன்றுமே இல்லாமல் போய்விடும்.